கோடைக்கும் மழைக்கும் முன்னால்: வளர்ப்பு மீனுக்கு மூலிகை கலந்த தீவனம் தயாரிக்கும் முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கெண்டை, திலேப்பியா வளர்ப்பவர்களுக்குக் கவலை தரும் காலங்கள் இரண்டு. ஒன்று, ஏப்ரல் முதல் ஜூன் வரை. குளத்து நீர் இறங்கி, இருக்கிற தண்ணீரில் மீனின் நெருக்கம் கூடி, மத்தியானத்தில் மேல்நீர் சுடுகிற காலம். இன்னொன்று வடகிழக்குப் பருவமழை. ஒரே இரவில் கொட்டும் மழையில் நீரின் வெப்பமும் பிஹெச் (அமில, காரத் தன்மை) அளவும் சட்டென்று இறங்கும், வயல் வடிநீர் உள்ளே வரும், அதற்குப் பின்னால் மார்கழி, தை குளிரில் புண் நோய் தலைகாட்டும்.

இந்த இரண்டு காலங்களும் எப்போது வரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். மூலிகை கலந்த தீவனத்தின் பயனே அதில்தான் இருக்கிறது. பூண்டு, மஞ்சள், துளசி, நெல்லி, அமுக்கரா போன்றவற்றை மீனுக்குக் கொடுப்பது வந்த நோயை விரட்டுவதற்கு அல்ல. வரப்போகும் நெருக்கடியைத் தாங்க மீனை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தயார் செய்வதற்கு. காரணம் எளிது. நோய் கண்ட மீன் தீவனத்தைத் தொடாது. தின்னாத மீனுக்குத் தீவனத்தில் எதைக் கலந்தும் பயனில்லை. மீன் சாக ஆரம்பித்த பிறகு மஞ்சளும் பூண்டும் தேடி ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. ஒரு மாதம் முன்னால் அதே பூண்டுக்கு வேலை இருந்திருக்கும்.

மீனுக்குள் நடப்பது என்ன

கொஞ்சம் உடலியல் தெரிந்தால்தான் எந்தச் செடியை எதற்குக் கொடுக்கிறோம் என்பது புரியும். வலை வீச்சு, நெரிசல், ஆக்சிஜன் குறைவு, வெப்ப மாற்றம் என்று எது வந்தாலும் மீனின் உடல் முதலில் ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. சில நிமிடங்களில் கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் சுரக்கிறது. மீனில் இந்தக் கார்டிசால் தலைச் சிறுநீரகம் எனப்படும் பகுதியிலிருந்து வருகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் உருவாகும் முக்கிய இடமும் அதே தலைச் சிறுநீரகம்தான்.

அப்புறம் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தப்பித்து ஓடத் தேவையான எரிபொருள் அது. ஆக்சிஜனை அதிகம் இழுக்கச் செவுள்களில் இரத்த ஓட்டம் கூடுகிறது. நன்னீர் மீனுக்கு இதில் ஒரு விலை உண்டு. செவுள் வழியாக உடலின் உப்பு வெளியே போகும், தண்ணீர் உள்ளே வரும். குஞ்சு ஏற்றிச் செல்லும் தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு போடும் வழக்கம் இதனால்தான் பலன் தருகிறது.

இந்த நிலை ஒரு மணி நேரத்தில் முடிந்தால் மீன் மீண்டுவிடும். நாள் கணக்கில் நீடித்தால் கார்டிசாலே நோய் எதிர்ப்பைக் கீழே தள்ளுகிறது, வளர்ச்சி நிற்கிறது. ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் குளத்து நீரில் எப்போதும் இருக்கின்றன. மீனின் எதிர்ப்பு இறங்கும்வரை அவை பெரிதாக எதுவும் செய்வதில்லை.

செடிகள் உதவுவது மூன்று வழிகளில். அவற்றில் உள்ள கசப்பு, கார, நிறப் பொருட்கள் திசுக்களில் ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்கின்றன. சில செடிகள் வெள்ளணுக்களின் வேலையையும் இரத்தத்தில் உள்ள, கிருமிகளை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியின் அளவையும் கூட்டுகின்றன. சில செடிகள் பசியைத் தூண்டி, குடலில் கெட்ட நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்துகின்றன. கெண்டை, திலேப்பியா, டிரௌட் மீன்களில் நடந்த பல சோதனைகளில், மூலிகை தின்ற மீன்களுக்கு நெரிசலுக்குப் பிறகு கார்டிசாலும் சர்க்கரையும் குறைவாக ஏறின, அல்லது சீக்கிரம் இறங்கின. சாதாக் கெண்டையில் நெரிசலைத் தாங்குவதற்குச் சீன ஆய்வாளர்கள் ரேவல் சின்னியின் (ருபார்ப்) இனத்தைச் சேர்ந்த ஒரு வேரின் சாற்றையே தீவனத்தில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் படி: தண்ணீரைச் சரி செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதித்து யாரும் மூலிகைக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு விடியற்காலையும் ஆக்சிஜன் இல்லாமல் மேலே வந்து வாய் திறக்கும் மீனுக்கு அமுக்கரா கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியவை இவை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் நல்லது. 3 மி.கி.க்குக் கீழே போனால் ஆபத்து. அளக்கச் சரியான நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன், ஏனென்றால் இரவு முழுவதும் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். பகல் 11 மணிக்கு அளந்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். பிஹெச் 7 முதல் 8.5 வரை. அம்மோனியாவைப் பிற்பகலில் பாருங்கள். பிஹெச்சும் வெப்பமும் ஏறும் நேரத்தில்தான் அது விஷ வடிவத்துக்கு மாறுகிறது.

கோடைக்கு ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். அதே வெப்பத்தில் மீனின் மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் நேரத்தில் நீர்மட்டமும் இறங்கினால் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. விற்கும் அளவுக்கு வந்த மீனை மே மாதத்துக்கு முன்பே பிடித்துவிடுங்கள். எந்த மூலிகையையும்விட இது அதிகம் உதவும்.

மழைக்கு முன்னால் பிஹெச் பார்த்து, தேவைப்பட்டால் ஏக்கருக்கு 40 முதல் 50 கிலோ விவசாயச் சுண்ணாம்பு போடுங்கள். சுட்ட சுண்ணாம்பை மீன் இருக்கும் குளத்தில் அப்படியே கொட்ட வேண்டாம். பிஹெச் தாவி ஏறும், அம்மோனியாவும் கூடவே விஷமாகும். வடிநீர் வரும் வாய்க்காலுக்குக் கரை கட்டித் திருப்பி விடுங்கள்.

இரண்டாம் படி: எந்த நெருக்கடி, எப்போது என்று நாட்காட்டியில் குறியுங்கள்

ஒரு வருட நாட்காட்டியை எடுத்து மீனுக்கு வரும் சிரமங்களை எழுதுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) விடுவது. டெல்டாவில் வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குளம் நிரம்பிய பிறகு குஞ்சு விடுகிறவர்கள் நிறைய. அக்டோபர் மத்தியில் மழை. டிசம்பர், ஜனவரியில் குளிர். இடையில் எடை பார்க்க வலை போடும் நாட்கள், பெரிய மீனைப் பிரிக்கும் நாள், அப்புறம் கோடை.

ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 நாள் முன்னால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் மூலிகை தொடங்கும் நாள். மீனின் எதிர்ப்புத் திறனில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆவதைப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. டிரௌட் மீனுக்கு 14 நாள் பூண்டு கொடுத்து ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வில் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

வருடம் முழுக்க நிறுத்தாமல் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவு ஒரு காரணம். எதிர்ப்பைத் தூண்டும் பொருட்களைத் தொடர்ந்து கொடுத்தால் பலன் மங்குகிறது என்பது மற்றொரு காரணம். மூன்று வாரம் கொடுங்கள், மூன்று வாரமாவது நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: செடியைத் தேர்ந்தெடுங்கள்

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் ஒரு கிலோ தீவனத்துக்கு, உலர்ந்த தூளாக.

பூண்டிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. எங்கும் கிடைக்கிறது, ரோகு, திலேப்பியா இரண்டிலும் நிறைய சோதிக்கப்பட்டிருக்கிறது, அதன் வாசனைக்கே மீன் தீவனத்தை நாடி வருகிறது. ரோகு விரலிகளில் கிலோவுக்கு 1 முதல் 10 கிராம் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 5 கிராம் போதுமானது. பூண்டில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் வீரியத்துக்குக் காரணமான அல்லிசின் முழுப் பல்லில் இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அது உருவாகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். ஆகவே நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு சூடில்லாத தீவனத்தில் கலக்க வேண்டும். பச்சைப் பூண்டாகப் போட்டால் தூளின் மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

மஞ்சள் 3 முதல் 5 கிராம். மஞ்சளின் வீரியப் பொருளான குர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயில் குழைத்துக் கொடுத்தால்தான் மீனின் உடலில் கொஞ்சமாவது சேரும். கடையில் பாக்கெட் போடாமல் விற்கும் மஞ்சள் தூளை மீனுக்கு வாங்காதீர்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி நடந்திருக்கிறது. ஈயம் மீனின் உடலில் தங்கி நம் தட்டுக்குத்தான் வரும். விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு அது சிரமமே இல்லை.

அமுக்கரா கிழங்கு 2 கிராம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நெருக்கடியைத் தாங்கும் வலிமைக்காகச் சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் மனிதருக்கே கொடுத்துவரும் வேர் இது. ரோகுவில் நடந்த ஆய்வில் கிலோவுக்கு 2 கிராம் கொடுத்தபோது எதிர்ப்புத் திறன் நன்றாக இருந்தது, அதைக் கூட்டியதால் கூடுதல் பலன் வரவில்லை. விலை அதிகம் என்பதால் குஞ்சுகளுக்கும் சினை மீன்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நெல்லி 5 முதல் 10 கிராம். வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவற்றால் வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்க முடியாது. நெருக்கடியில் உடல் அதை வேகமாகச் செலவழிக்கும். தவிடும் பிண்ணாக்கும் மட்டுமே போடும் குளத்தில் இந்தக் குறை இன்னும் அதிகம். கோடைக்கு முன் கொடுக்க என் முதல் தேர்வு நெல்லிதான். கொட்டை நீக்கி, மெல்லியதாகச் சீவி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் சத்து போகும்.

துளசி இலை 5 கிராம். ரோகுவில் துளசிச் சாறு நல்ல பலன் தந்திருக்கிறது. கொய்யா இலையைத் தாய்லாந்தில் திலேப்பியாவுக்குக் கொடுத்து ஏரோமோனாஸுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். திலேப்பியா மட்டும் வளர்ப்பவர்கள், தோட்டத்தில் கொய்யா நிற்கிறது என்றால், 5 கிராம் அளவில் தொடங்கிப் பார்க்கலாம்.

முருங்கை இலையை நான் உணவாகவே எண்ணுகிறேன். திலேப்பியாவில் தீவனப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை முருங்கை இலையிலிருந்து வந்தபோது வளர்ச்சி குறையவில்லை. அதைத் தாண்டியபோது குறைந்தது. இலையில் உள்ள சப்போனின் போன்ற பொருட்களே அதற்குக் காரணம்.

ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கலந்து கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முதல் வருடம் ஒரு செடி. அது உங்கள் குளத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு இன்னொன்றைச் சேருங்கள். பூண்டும் மஞ்சளும் சேர்ந்த கலவை பெரிய சிக்கல் தருவதில்லை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செடி என்றாலே தீங்கில்லை என்று நினைக்காதீர்கள்

குளம் தயாரிக்கும்போது வேண்டாத மீனைக் கொல்ல நாம் போடுவது இலுப்பைப் பிண்ணாக்கு. 1 மீட்டர் ஆழக் குளத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 1000 கிலோ. அதில் உள்ள சப்போனின் மீனின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதுவும் செடிதான். வேம்பும் அப்படித்தான். வேப்பெண்ணெயைக் குளத்தில் ஊற்றினால் மீனுக்கு விஷம். வேப்பிலையைத் தீவனத்தில் கூட்டினால் கசப்பில் மீன் வாயை வைக்காது. பப்பாளி விதை திலேப்பியாவின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும், சினை மீன் குளத்துக்கு அது ஆகாது. சூபாபுல் இலையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. பச்சை சோயாவிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வறுக்காமல் போடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து பூஞ்சை. ஈரமான கடலைப் பிண்ணாக்கில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு மீனின் ஈரலைத் தின்றுவிடும். ஒரு பக்கம் ஈரலைக் காக்க மஞ்சள் கொடுத்துக்கொண்டு மறுபக்கம் பூசணம் பிடித்த பிண்ணாக்கைப் போட்டால் அந்த மஞ்சள் வீண். மூலிகை வாங்கும் காசில் முதல் செலவு, மூட்டைக்கு அடியில் போடும் மரப்பலகையாக இருக்கட்டும்.

நான்காம் படி: கணக்கு

50 சென்ட் குளத்தை எடுத்துக்கொள்வோம். 2000 விரலிகள் விட்டது, இன்று 1800 இருப்பதாக மதிப்பு. வீச்சு வலையில் பிடித்த மீன்களின் சராசரி எடை 250 கிராம். மொத்த எடை 450 கிலோ. இந்த அளவு மீனுக்கு நாளுக்கு உடல் எடையில் 2 சதவீதம் தீவனம், அதாவது 9 கிலோ. கிலோவுக்கு 5 கிராம் பூண்டுத் தூள் என்றால் நாளுக்கு 45 கிராம். 20 நாளுக்கு 900 கிராம். பச்சைப் பூண்டாக நாளுக்கு 135 கிராம்.

சின்னக் குஞ்சுகளுக்குத் தீவனம் உடல் எடையில் 4, 5 சதவீதம் வரை போகும். அதனால் ஒவ்வொரு கிலோ மீனுக்கும் போய்ச் சேரும் மூலிகை தானாகவே கூடிவிடும். குஞ்சுகளுக்கு மேலே சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

கையளவு, ஸ்பூன் அளவு என்று போடாமல் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். 2 கிராமுக்கும் 6 கிராமுக்கும் வித்தியாசம் கையில் தெரியாது.

ஐந்தாம் படி: தூள் தயாரித்தல்

இலை என்றால் காலையில் பறித்து, கழுவி, ஈரம் வடிந்ததும் நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். கையில் எடுத்து நொறுக்கினால் பொடியாக வேண்டும், மடங்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்து இலை வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்துகளில் பல, மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். அரைத்து, மெல்லிய துணியிலோ மாவுச் சல்லடையிலோ சலியுங்கள். கரகரப்பான தூள் தீவனத்தில் ஒட்டாமல் தண்ணீரில் உதிர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, இருட்டான இடத்தில் வைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள்.

ஆறாம் படி: தீவனத்தில் ஏற்றுதல்

இங்கேதான் பலரின் உழைப்பு தண்ணீரோடு போகிறது. தூளைத் தீவனத்தின் மேல் தூவிக் குளத்தில் வீசினால் பாதிக்கு மேல் மீனைச் சேராமலேயே கரைந்துவிடும்.

மிதக்கும் குச்சித் தீவனம் போடுபவர்களுக்கு: 9 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் மரவள்ளி மாவை அரை லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூடுகூட இருக்கக் கூடாது. அதில் பூண்டு விழுதையோ தூளையோ கரையுங்கள். தீவனத்தைச் சுத்தமான தார்ப்பாயில் கொட்டி, கஞ்சியைத் தெளித்துக்கொண்டே இரண்டு பேர் பாயின் முனைகளைப் பிடித்து உருட்டுங்கள். எல்லாக் குச்சியிலும் பூச்சு படிய வேண்டும். தெளிக்கும் நீர்மம் இந்த அளவைத் தாண்டினால் குச்சி ஊறி உடையும், மிதக்கவும் செய்யாது. கடைசியாக 100 முதல் 150 மில்லி மீன் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயை மேலே தெளித்து மறுபடி உருட்டுங்கள். எண்ணெய்ப் படலம் பூச்சைத் தண்ணீரிலிருந்து காக்கும். மஞ்சளை இந்த எண்ணெயில்தான் குழைக்க வேண்டும், கஞ்சியில் அல்ல. நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, அன்றே போட்டுவிடுங்கள். மிஞ்சினால் மறுநாள் காலை வரை வைக்கலாம், அதற்கு மேல் பூசணம் பிடிக்கும்.

தவிடும் பிண்ணாக்கும் போடுபவர்களுக்கு வேலை குறைவு. கடலைப் பிண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசையும்போது தூளையும் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். முதலில் ஒரு கைப்பிடித் தவிட்டில் தூளைக் கலந்து, அதை ஒரு கிலோவில் கலந்து, பிறகு முழுவதிலும் கலக்க வேண்டும். 45 கிராமை நேராக 9 கிலோவில் கொட்டினால் ஒரு உருண்டையில் எல்லாம், மற்றதில் ஒன்றும் இல்லாமல் போகும்.

இங்கே ஒரு கேள்வியை எழுப்பியே ஆக வேண்டும். பல வகைக் கெண்டைகளை ஒரே குளத்தில் வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பில் இந்த மூலிகை யாருக்குப் போகிறது? கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும். ரோகு நடுவில். மிர்கால் அடியில். புல் கெண்டை புல்லைத் தேடும். மிதக்கும் தீவனத்தில் பூசியதில் மிர்காலுக்கு மிகக் குறைவாகத்தான் போகும். உருண்டையாகத் தட்டில் இறக்கினால் ரோகுவும் மிர்காலும் தின்னும், கட்லா அவ்வளவாக வராது. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் தவிட்டுத் தீவனத்தை ஓட்டையிட்ட பைகளில் நிரப்பி, கம்புகளில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. மீன் வந்து முட்டி முட்டித் தின்னும். மூலிகை கொடுக்கும் நாட்களுக்கு இந்தப் பை முறையை நான் விரும்புகிறேன். பைகளை வெவ்வேறு ஆழத்தில் கட்டினால் மூன்று மீனுக்கும் பங்கு கிடைக்கும், தூளும் வீணாகாது. கிஃப்ட் எனப்படும் மேம்படுத்திய திலேப்பியா மட்டும் வளர்க்கும் குளத்தில் இந்தக் கவலையே இல்லை, மிதக்கும் தீவனத்தை அது போட்டி போட்டுத் தின்னும்.

ஏழாம் படி: கொடுக்கும் முறை

முதல் மூன்று நாள் பாதி அளவு மூலிகை. மீன் புது வாசனைக்குப் பழகட்டும். நான்காம் நாளிலிருந்து முழு அளவு. நாளின் முதல் தீவனத்தில் மட்டும் மூலிகையைச் சேர்த்தால் பசியோடு வரும் மீன் மிச்சம் வைக்காது. அப்போது நாள் முழுவதற்குமான தூளை அந்த வேளைத் தீவனத்திலேயே ஏற்றிவிட வேண்டும். அதற்காக விடிந்ததும் போடாதீர்கள். வெயில் ஏறி ஆக்சிஜன் கூடிய பிறகு, 9 மணிக்கு மேல் போடுங்கள்.

அரை மணி நேரத்தில் தீவனம் தீர வேண்டும். தீரவில்லையென்றால் மூலிகையின் அளவு அதிகம், அல்லது தண்ணீரில் ஏதோ கோளாறு. மூலிகை இல்லாத தீவனத்தை ஒரு பிடி போட்டுப் பாருங்கள். அதையும் தொடவில்லையென்றால் தண்ணீரைச் சோதியுங்கள்.

மூட்டமான நாளில் தீவனத்தையே பாதியாக்குங்கள். மீன் மேலே வந்து வாய் திறக்கும் நாளில் தீவனம் கிடையாது, மூலிகையும் கிடையாது. ஏரேட்டர் ஓடட்டும், அல்லது மோட்டார் தண்ணீரை மேலிருந்து அடித்து விழச் செய்யுங்கள்.

குஞ்சு ஏற்றிச் செல்லும் முன் இரண்டு வாரம் பூண்டோ அமுக்கராவோ கொடுப்பது மிகப் பொருத்தம். ஆனால் ஏற்றும் நாளுக்கு முந்திய 24 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஹாப்பாவில் (குளத்துக்குள் கட்டும் வலைத் தொட்டி) நெருக்கிப் பழக்கி, பிறகு லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் ஆக்சிஜன் பையில் அடையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பையைக் குளத்தில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

எட்டாம் படி: வேலை செய்கிறதா என்று பாருங்கள்

மீன் சாகவில்லை, ஆகவே மூலிகை வேலை செய்தது என்று சொல்ல முடியாது. கொடுக்காவிட்டாலும் சாகாமல் இருந்திருக்கலாம். ஒப்பிட ஒன்று வேண்டும். இரண்டு குளம் இருந்தால் ஒன்றில் கொடுங்கள், ஒன்றில் கொடுக்காதீர்கள். ஒரே குளம் என்றால் ஒரே அளவு ஹாப்பா இரண்டைக் கட்டி, ஒரே எடை மீன் 50 வீதம் விட்டு, ஒன்றுக்கு மட்டும் மூலிகைத் தீவனம் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியதில் முதன்மையானது, வலை போட்டு எடை பார்த்த பிறகு மீன் எத்தனை வேளையில் பழையபடி தின்ன ஆரம்பிக்கிறது என்பது. நெருக்கடியிலிருந்து மீளும் வேகத்துக்கு விவசாயி கையில் இருக்கும் மிக நல்ல அளவுகோல் இதுதான். அப்புறம் வலைக்குப் பின் மூன்று நாளில் எத்தனை இறப்பு, செதில் உதிர்ந்த இடம் ஆறுகிறதா அல்லது சிவக்கிறதா, 15 நாளில் எடை எவ்வளவு கூடியது, ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கிலோ தீவனம் போனது. மனிதருக்குச் சர்க்கரை பார்க்கும் கருவியால் மீன் இரத்தத்திலும் அளக்கிறார்கள். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, இரண்டு குழுக்களை ஒப்பிட மட்டும் உதவும். வாலடியில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கப் பயிற்சி வேண்டும், அதைத் தெரிந்தவரிடமே விடுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள்.

தேதி, மூலிகை, கிராம், தீவனம், விடியற்கால ஆக்சிஜன், மழை, இறப்பு என்று ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள்.

நோய் வந்துவிட்டால்

புண், வயிறு ஊதல், செதில் தூக்கல், மீன் பேன் என்று எதையாவது கண்டால் மூலிகையை நிறுத்தாவிட்டாலும் பரவாயில்லை, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உயிரோடு இருக்கும் நோய் மீனைத் தண்ணீரோடு பையில் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். செத்து நாற்றமடித்த மீனை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் கொடுக்கும் பெயர் தெரியாத பொடியை வாங்கிப் போடாதீர்கள். குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் நம் நாட்டில் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. மூலிகை என்று எழுதிய பாக்கெட்டானாலும் உள்ளே என்ன செடி, கிலோவுக்கு எத்தனை கிராம், தயாரித்த தேதி என்ன என்ற மூன்றும் அச்சிடப்படாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

அறுவடைக்கு முன்

பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பூண்டை நிறுத்திவிடுங்கள். அதன் வாடை சதையில் லேசாகத் தங்கினாலும் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். மஞ்சளையும் அதே சமயத்தில் நிறுத்தலாம். உயிர் மீனாக விற்பவர்கள் மட்டும் நெல்லியைப் பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பு வரை தொடரலாம். அதன் பிறகு ஒரு நாள் தீவனமே போடாமல், அதிகாலை நீர் குளிர்ந்திருக்கும்போது, ஏரேட்டர் ஓட விட்டு வலையை இழுங்கள்.